அத்தான் பிடித்த கயிறு

தூத்துக்குடியில் பெண் எடுத்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முத்துநகர் எக்ஸ்பிரஸ்ஸில் காலையில் வந்து இறங்கி, குளித்து உட்கார்ந்தால் தட்டில் மக்ரூன் வந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும் சேர்ந்த சின்னக் கூம்பு. நாக்கில் வைத்தால் கரைந்து காணாமல் போகும். ஒரு சங்கடமும் உண்டு. அது கரைந்து முடிவதற்குள் மாமியார் ஒரு வேலை சொல்லிவிடுவார்.

"மாப்பிள்ளை, இவன் வண்டிக்கு டயர் மாத்தணுமாம். தனியா விட்டா கடைக்காரன் சொல்லுததைக் கேட்டு எதையாவது மாட்டிக்கிட்டு வந்துருவான். நீங்க கூடப் போயிட்டு வாங்களேன்."

'இவன்' என்பது என் மச்சினன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ஸி ஆபீஸில் வேலை. கப்பலுக்கு ராத்திரி பகல் கிடையாது என்பதால் இவனுக்கும் கிடையாது. வண்டி, யமஹா ஆர்15. 2008-ல் முதன்முதலாக வந்ததே, அந்த ரகம். செகண்ட் ஹாண்டில் வாங்கினான். 150 சி.சி.க்குக் கொஞ்சம் குறைச்சல், தண்ணீரில் குளிரும் இன்ஜின், முன்பக்கம் மூக்கு நீட்டிய கவசம். அதில் அவன் படுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு இடுப்பு வலிக்கும்.

வாசலுக்கு வந்ததும் குரலைத் தணித்து விஷயத்தைச் சொன்னான்.

"அத்தான், போன வாரம் உப்பளத்துக்கிட்ட வழுக்கி விழுந்துட்டேன். அம்மாட்ட சொல்லிராதீங்க. முழங்கை காயத்துக்கு ஆபீஸ் கதவுல இடிச்சிட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அம்மாவுக்குத் தெரியாம இருக்குமா?"

நியாயம்தான். குனிந்து பின்டயரைப் பார்த்தேன். ஸ்போர்ட்ஸ் பைக் டயர் குறுக்குவாட்டில் பார்த்தால் வில் மாதிரி வளைந்திருக்க வேண்டும். வண்டி சாய்ந்தால் டயரும் சீராக உருண்டு கொடுப்பதற்காக. இது நடுவில் தோசைக்கல் போலத் தட்டையாக இருந்தது. தினமும் நேர் ரோட்டிலேயே ஓடி, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு கட்டிவிட்டது. இப்படிப்பட்ட டயரில் வளைவில் சாய்ந்தால் வண்டி அந்த விளிம்பில் ஏறித் தடுமாறும். வெட்டுக் கோடுகளுக்குள்ளே குட்டிக் குட்டி மேடுகள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? டயரின் பக்கவாட்டில் 'டி.டபிள்யூ.ஐ.' என்று போட்டிருக்கும் இடத்துக்கு நேராகத் தேடினால் தெரியும். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயருக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும் என்று அர்த்தம். இங்கே மேடும் தேய்ந்துகொண்டிருந்தது!

பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். காது மட்டும் இருபது.

"எங்கய்யா கெளம்பிட்டிய ரெண்டு பேரும்?"

"டயர் மாத்தப் போறோம் தாத்தா."

"சரிதான். இந்தத் தடவ கயிறு நீங்க பிடிக்கியளாக்கும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. தாத்தா விளக்கினார்.

இந்தக் கரையில் முறையான முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். 1955-ல் தொடங்கி வருஷா வருஷம் நடந்த குளிப்பு அதோடு நின்றுபோனது. தாத்தா அப்போது சின்னப் பையன். அவருடைய அப்பா குளியாளாகப் போனவர். காலில் கல்லைக் கட்டிய கயிற்றோடு எட்டுப் பத்துப் பாகம் ஆழம் இறங்குவார்களாம். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், சுமார் ஆறடி. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் சொச்சம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். மேலே வள்ளத்தில் கயிறு பிடித்திருப்பவன் உடனே இழுக்க வேண்டும். அவன் கொஞ்சம் அசந்தால், பேச்சுக் கொடுத்தால், பீடி பற்றவைத்தால்... அவ்வளவுதான்.

"அந்தக் கயித்தை யாருட்ட கொடுப்பாவ தெரியுமா? அண்ணன் தம்பிட்ட கொடுக்க மாட்டாவ. மச்சான்கிட்டதான் கொடுப்பாவ. ஏன்னா, இவன் மேல வரலைன்னா தாலி அறுக்கப்போறது அவன் தங்கச்சில்லா!"

இந்தக் கடற்கரை முழுக்கச் சொல்கிற கதை இது. எங்கள் விஷயத்தில் கணக்குத் தலைகீழ். மச்சினனுக்கு ஒன்று ஆனால் அழப்போவது என் வீட்டம்மா. அப்புறம் எனக்கு ஆயுள் முழுக்கச் சோறு கிடையாது. ஆக, கயிற்றை இறுக்கிப் பிடிப்பதில் எனக்கும் சொந்த லாபம் இருக்கிறது.

* * *

"முதல்ல விழுந்த இடத்தைக் காட்டு. அப்புறம் கடைக்குப் போகலாம்" என்றேன். எந்த ரோட்டில் ஓடப்போகிறது என்று தெரியாமல் டயர் வாங்குவது, பெண்ணைப் பார்க்காமல் ஜாதகத்தை மட்டும் பார்த்துத் தாலி கட்டுகிற மாதிரி.

பின்சீட் என்று யமஹாக்காரர்கள் எதைச் சொல்கிறார்களோ அதன் மேல் தொற்றிக்கொண்டேன். தேய்ந்த டயர் என்பதால் முப்பதைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தம்.

தூத்துக்குடி ரோடு தனி ரகம். 1974 ஜூலை 11-ல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவித்தார்கள். 2011-ல் வ.உ.சி. பெயரை வைத்தார்கள். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய மனிதருக்குத் தாமதமான மரியாதை. அந்தத் துறைமுகத்துக்குப் போகிற, வருகிற சரக்கில் நிறைய இந்த ரோட்டில்தான். கன்டெய்னர் சுமந்த டிரெய்லர். நிலக்கரி லாரி. ஒரு தெரு நீளத்துக்குக் காற்றாலை இறக்கையை ஏற்றி, திருப்பத்தில் ஊரையே நிறுத்தி வைக்கிற வண்டி. இத்தனையும் போன ரோட்டில் என்னென்ன கிடக்கும்? டீசல் சொட்டு, கரித்தூள், அனல்மின் நிலையச் சாம்பல், ரீட்ரெட் பிய்ந்த ரப்பர் துண்டு, ஆணி. இது போதாதென்று கடற்காற்று கொண்டுவந்து போடுகிற மணல்.

முத்தையாபுரம் தாண்டினதும் இரண்டு பக்கமும் உப்பளம். கண்ணாடித் துண்டுகளைப் பரப்பிய மாதிரி பாத்திகள். கரையில் வெள்ளை வெளேரென்று குவியல்கள், மேலே கீற்று போர்த்தி. உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டில் முதலிடம் இந்த மாவட்டத்துக்கு. உங்கள் வீட்டு ரசத்தில் இந்த ரோட்டுக்கும் பங்கு உண்டு.

ஒரு திருப்பத்தில் நிறுத்தினான்.

"இங்கதான் அத்தான். விடியக்காலம் அஞ்சு மணி. நைட் ஷிப்டு முடிச்சு வாரேன். மழை கிழை ஒண்ணும் இல்ல. ஆனா ரோடு ஈரமா இருந்துச்சு."

மழை இல்லாமல் ரோடு எப்படி ஈரமாகும்? குனிந்து தொட்டுப் பார்த்தேன். வெள்ளையாக, பொடியாக விரலில் ஒட்டியது. உப்பு! லாரியிலிருந்து சிந்தினது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவது தெரியும் அல்லவா? அதே சமாசாரம்தான். விடியற்காலைக் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் கூடும். ரோட்டில் கிடக்கிற உப்பு அதை உறிஞ்சிக் கசிந்துவிடும். அதோடு டீசலும் தூசியும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். வெயில் ஏறினால் காய்ந்து, நடந்ததற்குச் சாட்சியே இருக்காது.

ஆக, இந்த ஊர் டயருக்கு மூன்று பரீட்சை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் கொளுத்துகிற வெயிலையும் காய்ந்த ரோட்டையும் தாங்க வேண்டும். விடியற்காலைக் கசிவில் பிடிக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் எப்போதாவது வெளுத்து வாங்கும் மழையில் தண்ணீரைக் கிழித்துப் போக வேண்டும். 'எப்போதாவதுதானே' என்று அலட்சியம் வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம்.

* * *

முதல் கடை. (பெயர் வேண்டாம்.) உள்ளே நுழைந்ததுமே மச்சினனின் கண் மேலே தொங்கிய ஒரு தடித்த டயரில் நின்றுவிட்டது. 130.

"அதுதான் அத்தான்! பின்னாடி இருந்து பாத்தா செம கெத்தா இருக்கும்."

இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்த பின்டயர் 100/80-17. முதலில் உள்ள 100, அகலம் மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் 80 சதவீதம் உயரம், அதாவது 80 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். முன்டயர் 80/90-17. ஒல்லிதான், மறுப்பதற்கில்லை. 'இவ்வளவு அழகான வண்டிக்கு சைக்கிள் டயரா?' என்று அந்த நாளிலேயே பையன்கள் முனகினார்கள். 2011-ல் இரண்டாவது ரகம் வந்தபோது கம்பெனியே பின்னால் 130/70 ரேடியல் போட்டது.

"கம்பெனியே போட்டிருக்கான், அதே ஆர்15தானே?" என்றான் மச்சினன், வக்கீல் மாதிரி.

அதே பெயர். அதே வண்டி இல்லை. 130 போட்டபோது அதற்கேற்ற அகல ரிம்மும் வேறு ஸ்விங் ஆர்மும் சேர்த்துக் கொடுத்தார்கள். பழைய ஒல்லி ரிம்மில் 130-ஐ மாட்டினால் என்ன ஆகும்? பெரிய தலையணையைச் சின்ன உறையில் திணித்துப் பாருங்கள். இரண்டு ஓரமும் நெருக்கி, நடுப்பகுதி புடைத்துக்கொண்டு நிற்கும். டயரும் அப்படித்தான். பார்வைக்குத் தடியன், ரோட்டைத் தொடுவதோ நடு முதுகு மட்டும். வளைவில் வண்டி சாயவே யோசிக்கும். செயின் கவரில் உரசலாம். கூடுதல் கனத்தால் பெட்ரோலும் கூடும். கெத்து பின்னால் வருகிறவனுக்கு, செலவு நமக்கு.

கடைக்காரர் விடவில்லை. "உங்களுக்காக ஸ்பெஷல் ரேட் போட்டுத் தாரேன் சார். பிராண்டட் ஐட்டம்."

ஸ்பெஷல் ரேட் என்ற வார்த்தையைக் கேட்டதும் பி.காம். படித்தவனுக்குச் சந்தேகம் வரவேண்டும். ஸ்டாக் கழிக்கிறார்கள் என்று அர்த்தம். டயரைத் திருப்பிப் பக்கவாட்டில் அந்த நான்கு இலக்க எண்ணைத் தேடினேன். 3119. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2019-ஆம் வருஷம் 31-ஆவது வாரம் பிறந்த குழந்தை! ரப்பர் சும்மா தொங்கினாலும் கிழடு தட்டும். வெயிலும் காற்றும் பட்டு இறுகும், மேலே மயிரிழை வெடிப்பு விடும், பிடிமானம் குறையும். ஐந்து வருஷம் ஓடிவிட்டால் வருஷா வருஷம் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து ஆனால் தேயாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள் என்பது டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது. இதற்கு கடையிலேயே சஷ்டியப்தபூர்த்தி முடிந்துவிட்டது.

"வேற கடை பாப்போம் மாப்ள" என்றேன். அவனுக்கு முகம் தொங்கிவிட்டது. 130-ஐத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அவனைத் தேற்றுவதற்காகத் தாத்தா சொன்ன இன்னொரு விஷயத்தை எடுத்துவிட்டேன். முத்து வியாபாரிகள் முத்தை வெறும் கண்ணால் பார்த்துப் பெரிசு சிறிசு பிரிப்பதில்லை. பித்தளைச் சல்லடைகள் பத்து வைத்திருப்பார்கள். 20 துளைச் சல்லடையில் தங்கினால் பெரிய முத்து. 1000 துளை வரைக்கும் இறங்கிப் போனால் பொடி. சலித்து முடித்த பிறகுதான் உருட்சி, நிறம், ஒளி எல்லாம். கண் ஏமாறும், சல்லடை ஏமாறாது. டயருக்குப் பக்கவாட்டில் அச்சடித்த எழுத்துதான் சல்லடை.

* * *

இரண்டாவது கடை அண்ணாச்சி டீ வரவழைத்து, ஸ்டூல் போட்டு, வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி டெய்லி எவ்வளவு ஓட்டுதீய? பின்னால ஆள் வச்சு ஓட்டுவியளா?"

இப்படிக் கேட்கிற கடைக்காரரை நம்பலாம். சட்டைக்கு அளவெடுக்காத டெய்லரும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காத டயர்க்காரரும் ஒன்று.

மாசம் சுமாராக 1000 கிலோமீட்டர். வாரம் ஒரு தடவை நண்பனோடு திருச்செந்தூர். அண்ணாச்சி இரண்டு டயரை எடுத்துப் போட்டார். இரண்டும் 100/80-17. அளவை அடுத்து '52P' என்று இரண்டிலும் இருந்தது. 52 என்றால் அந்த டயர் 200 கிலோ தாங்கும். P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும். (தாங்கும் என்றுதான் போட்டிருக்கிறது. போ என்று போடவில்லை.) கம்பெனி கொடுத்த எண்ணுக்கு இது குறையவே கூடாது. ஒன்று கெட்டி ரப்பர், ரொம்ப நாள் உழைக்கும். இன்னொன்று மெத்து ரப்பர், ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், சீக்கிரம் தேயும்.

உடனே கணக்குப் போட்டேன். உதாரணத்துக்கு, கெட்டி டயர் 2,400 ரூபாய், 20,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 12 பைசா. மெத்து டயர் 3,600 ரூபாய், 12,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 30 பைசா. மாசத்துக்கு வித்தியாசம் 180 ரூபாய். இந்த ஊரில் ராத்திரி பரோட்டா கடைக்கு 'நைட் கிளப்' என்று பெயர். (சென்னை நண்பர்களிடம், மச்சினன் நைட் கிளப்புக்குக் கூட்டிப் போனான் என்று சொல்லிப் பாருங்கள்!) அந்த நைட் கிளப் செலவில் ஒரு ராத்திரியைக் குறைத்தால் இது சரியாகிவிடும்.

"அப்ப மெத்துதானே அத்தான்?"

அண்ணாச்சி சிரித்தார். "ரேஸ்ல ஓடுதவனுக்கு அது சரி. நம்ம ஊரு வெயில்ல, நேர் ரோட்டுல ஓட்டுனா நடுவுல சீக்கிரம் கரைஞ்சு மறுபடியும் தோசைக்கல்லுதான். பின்னால நடுத்தரமா, கோடு நல்லா ஆழமா உள்ளதைப் போடுங்க. தண்ணிய அதுதான் வெளிய தள்ளும். காசு மிச்சம் இருந்தா முன்னால போடுங்க. பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்னாலதான் வரும். முன்னால வழுக்குனா தூக்கி நிறுத்த ஆள் கிடையாது."

முன்டயரைத் தடவிப் பார்த்தேன். அவ்வளவு தேயவில்லை. ஆனால் எண்ணைப் பார்த்தால் ஆறு வயசு தாண்டியிருந்தது, ஓரத்தில் வெடிப்பு. இரண்டையுமே மாற்றுவது என்று முடிவாயிற்று. பட்ஜெட் இரண்டு மடங்கானது. கயிறு பிடிப்பது என்று வந்துவிட்டால் அரைக் கயிறு பிடிக்க முடியாது.

சக்கரத்தைக் கழற்றினதும் இன்னொரு சங்கதி வெளிப்பட்டது. டயர் உட்காருகிற ரிம் ஓரம் முழுக்க வெள்ளைப் பொருக்கு. உப்புக் காற்று அலாய் வீலை அரித்திருக்கிறது. டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைப்பதே அந்த ஓரம்தான். 'நாலு நாளைக்கு ஒருக்கா காத்து இறங்குது, பஞ்சரும் இல்ல' என்று மச்சினன் புலம்பியதற்குக் காரணம் கிடைத்தது. பையன் தேய்த்துச் சுத்தம் செய்து, புது வால்வு போட்டு, டயரிலுள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைப் பார்க்கிறதா என்று சரிபார்த்து மாட்டினான். கடற்கரை ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை சக்கரத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். காற்றை, வண்டி ஓடி டயர் சூடாகும் முன்னே பார்க்க வேண்டும். எவ்வளவு என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கிறது. கிழித்துப் போடாமல் இருந்தால்.

அலமாரியைப் பார்த்தேன். பாதிப் பெயர்கள் நம் ஊர்ச் சொந்தம். எம்.ஆர்.எஃப். 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி. டி.வி.எஸ். டயருக்கு மதுரை வெள்ளரிப்பட்டியில் ஆலை. ரப்பர் மரம் இங்கிருந்து தென்மேற்கே, குலசேகரம் பக்கம். அதன் பால் வெள்ளை. கரித்தூள் சேர்ப்பதால்தான் டயர் கறுப்பு. தேயாமல் இருக்கவும் வெயில் தின்னாமல் இருக்கவும் அந்தக் கரி. இவ்வளவு பேர் உழைத்து உருவாக்கியதில் ரோட்டைத் தொடுவது எவ்வளவு தெரியுமா? டயருக்கு ஓர் உள்ளங்கைகூட இல்லை. இரண்டு டயருக்கும் சேர்த்து அந்தக் கொஞ்ச இடத்தில்தான் ஒருத்தியின் மகனும், இன்னொருத்தியின் தம்பியும் உட்கார்ந்து போகிறான்.

கிளம்பும்போது அண்ணாச்சி சொன்னார். "புது டயர் மேல வழவழப்பு இருக்கும். நூறு கிலோமீட்டர் வரைக்கும் படுத்து ஓட்டாதீய. அப்புறம் ஒண்ணு. மணல்லயும் உப்புலயும் பிடிக்கிற டயரு உலகத்துலயே கிடையாது. அங்க பிடிக்க வேண்டியது உங்க கை."

* * *

சாயங்காலம் பழைய துறைமுகம் பக்கம் போனோம். கழற்றிய பின்டயர் மச்சினன் தோளில் மாலையாகத் தொங்கியது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றுகிற தோணிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் பக்கவாட்டிலும் பழைய டயர்கள். கரையில் இடித்தால் மரம் நசுங்காமல் இருக்கக் கட்டித் தொங்கவிட்டவை.

ஒரு வள்ளக்காரர் கேட்டார். "அதத் தாங்க, கட்டிக்கிடுதேன்."

கொடுத்தோம். ரோட்டில் ஓய்வு பெற்றவருக்குக் கடலில் மறு உத்தியோகம்.

இருட்டுகிற நேரம், வற்புறுத்தி அதே உப்பள ரோட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அந்தத் திருப்பத்துக்கு ஐம்பது அடி முன்னாலேயே மச்சினன் ஆக்சிலேட்டரை விட்டான். பிரேக்கை இரண்டு தடவை லேசாகத் தொட்டான். நேராக, மெதுவாக, முதிர்ந்த மனிதன் மாதிரி திரும்பினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கீழே இருப்பவன் கயிற்றை அசைக்கத் தெரிந்துகொண்டான். மேலே பிடித்திருப்பவனுக்கு அது போதும்.

சென்னை வந்து சேர்ந்த அன்று, ஆபீஸ் போகிற அவசரத்தில் என் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்தேன். சட்டென்று ஒரு யோசனை. குனிந்து பின்டயரின் எண்ணைத் தேடிப் படித்தேன்.

1117.

2017-ஆம் வருஷம், 11-ஆவது வாரம். நடுவில் தோசைக்கல்.

மெதுவாக ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டே மச்சினனுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சிரிப்பு. அப்புறம் சொன்னான்:

"அக்காட்ட சொல்லாதீங்க அத்தான். சனிக்கிழமை முத்துநகர்ல ஏறி வாரேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. கயிறு எங்கிட்ட இருக்கு."